முதல் முடிச்சு

தேசப்பன் செய்த ஒரே தப்பு, ஜீப்பில் வந்தவனை மனுசன் என்று நினைத்தது.

பழவேற்காட்டு ஏரியின் மேற்கோரத்தில் நண்டுமேடு என்று ஒரு குப்பம். எல்லாம் பனையோலை வீடு. அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டியில் பொட்டல் நிலத்தை வளைத்துக் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கம்பெனிக்கு முதலில் தகரக் கூரை வந்தது, பிறகு சுவர் வந்தது, உள்ளே என்ன செய்யப் போகிறார்கள் என்பது கடைசியில் வந்தது. நண்டுமேட்டில் எல்லாம் பழையபடிதான். ஐப்பசி பிறந்து காற்று திரும்புவதற்கு முன்னால், மீனுக்கு ஆகாத பழைய வலையைக் கூரைமேல் போர்த்தி, ஓரத்தில் கயிறு கோத்து, தரையில் அடித்த முளைகளில் இழுத்துக் கட்டுவார்கள். முளை பிடுங்காமலிருக்கக் கல்லேற்றி வைப்பார்கள். பெரிய புயல் வந்தால் இதெல்லாம் நிற்காது. சுமாரான புயலுக்கு நிற்கும்.

இதில் ஒரு வழக்கம். முதல் முடிச்சை ஊர்க்காரன் போடக்கூடாது. ஊர்க்காரன் கை காற்றுக்குப் பழக்கம், சுலபமாக அவிழ்த்துவிடும். அசலூர்க்காரன் போட்ட முடிச்சு அதற்குப் புரியாது. அதனால் அந்த நேரத்தில் ஊருக்குள் எவன் வருகிறானோ அவன் கையில் கயிற்றைக் கொடுத்து ஒரு முடிச்சு போடச் சொல்வார்கள். அது விழுந்த பிறகுதான் மற்ற வீடுகளில் கட்டுவார்கள். போன வருஷம் போட்டவன் வளையல்காரன். அதற்கு முந்தின வருஷம் போட்டவன், காணாமல் போன எருமையைத் தேடி வந்தவன். எருமை கிடைக்கவில்லை, கூரை நின்றது.

இந்த வருஷம் முதல் முடிச்சு தேசப்பன் வீட்டில். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில்தான் தொடங்குவது. அவன் மகள் செல்வி நிறைமாசமாக வந்திருந்தாள். அவளைக் கவரைப்பேட்டைப் பக்கத்து ஆரணியில் கொடுத்திருந்தது. சம்பந்தி அஞ்சம்மாளுக்கு ஓட்டு வீடு, அதற்குத் தகுந்த வாய்.

"ஓலை ஊட்டுல, ஐப்பசி மாசத்துல, தலைச்சன் பிரசவமா? இங்கியே இருக்கட்டும்" என்றாள் அவள்.

"தலைச்சன்னா தாய் ஊட்டுலதான். எங்கூரை நிக்கும்" என்று தேசப்பன் நாலு பேர் முன்னால் சொன்னான்.

"நின்னா சரி. நிக்கலன்னா எம் மருமவ அந்த ஊட்டுப் பக்கம் மறுபடி வரமாட்டா. இப்பவே சொல்லிட்டேன்."

இந்தப் பேச்சை மடியில் கட்டிக்கொண்டுதான் தேசப்பன் மகளைக் கூட்டிவந்தான். வலையைப் போர்த்தி, முளையடித்து, கல் சுமந்து வைத்து, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அசலூர்க்காரனுக்காக நின்றான். ஜீப் வந்தது.

இறங்கியவன் பெயர் பூவராகவன். கடலோரக் கூரைப் பாதுகாப்பு வாரியத்தின் களப் பார்வையாளன். எந்தப் புயலுக்கோ பிறகு ஆரம்பித்த வாரியம் அது, நாலு வருஷமாக நடக்கிறது. அது கூரைகளைப் பாதுகாத்ததாக யாரும் சொன்னதில்லை. எண்ணிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். ஒரு முடிச்சு போட்டுட்டுப் போங்க" என்றான் தேசப்பன்.

"என்ன முடிச்சு?"

தேசப்பன் வழக்கத்தைச் சொன்னான். பூவராகவன் கயிற்றைக் கையில் வாங்கினான். வாங்கினவன் கட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவன் யோசித்தான். படித்தவன் கையில் கயிற்றைக் கொடுத்தால் யோசிக்கத்தான் செய்வான்.

"முதல் முடிச்சுன்னா, அது துவக்க விழா ஆச்சேப்பா."

"விழாலாம் இல்ல சார். சும்மா ஒரு முடிச்சு."

"சும்மா போடறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. நான் இன்னும் டெம்பரரி. துணை இயக்குநர் போட வேண்டியதை நான் போட்டேன்னு தெரிஞ்சா பர்மனென்ட் ஆகவே மாட்டேன். அவர்கிட்ட சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

சொன்னதோடு விடவில்லை. ஜீப்பிலிருந்து அரக்கும் மெழுகுவத்தியும் எடுத்துவந்து கயிற்று நுனியில் உருக்கி ஊற்றி, வாரியத்தின் முத்திரையை அழுத்தினான். தேசப்பன் பெண்சாதி கங்கம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயித்துக்கு இன்னாத்துக்குய்யா பொட்டு வெக்கிறாரு?"

"கெவருமெண்டு பொட்டு. தொடாத" என்றான் தேசப்பன்.

மறுநாள் உப்புக்காரன் ஒருத்தன் வந்தான். எந்தக் காற்றுக்கும் தெரியாத முகம், நல்ல அசலூர். கயிற்றை நீட்டினதும் கையை நீட்டினான், அரக்கைப் பார்த்ததும் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய்விட்டான். "வேணாம்பா. எனக்கு ரெண்டு பொண்ணு கீது" என்று சொல்லிவிட்டு உப்பைக்கூட விற்காமல் போனான்.

அடுத்த வீட்டுப் பச்சையப்பன் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்கு மண் சுமக்கிறவன். சாயங்காலம் வந்து தன் வீட்டுக் கட்டாத வலையைப் பார்த்தான், தேசப்பனைப் பார்த்தான். "இன்னா மாமா, உன் மரியாதையால ஊரே பேஜாரா பூச்சு" என்றான்.

இரண்டு நாள் கழித்துத் துணை இயக்குநர் ஆதிநாராயணன் வந்தார். கனத்த உடம்பு. ஜீப் ஓட்டுகிற மோசஸ் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டு வந்தான். கூரையைச் சுற்றி வந்த ஆதிநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கவனிச்சீங்களா பூவராகவன்? எழுதப் படிக்கத் தெரியாத சனம். தன் வீட்டுக் கூரையைத் தானே கட்டிக்கொள்ளாமல் வாரியத்துக்காகக் காத்திருக்கிறது. நாலு வருஷமாக நாம் பாடுபட்டது இதற்குத்தான்."

கயிற்றை அவரும் தூக்கினார். தேசப்பனுக்கு மூச்சு வந்தது. அவரும் கீழே வைத்தார்.

"வாரியத் தலைவர் உயிரோடு இருக்கும்போது நான் போடுவது முறையில்லை."

தலைவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி திறப்பு இருக்கிறதாம். அதே நாளில் இங்கேயும் வந்துவிடுவாராம். ஒரே கார், ஒரே மாலை, இரண்டு விழா.

"அது எப்ப சார்?" என்று கேட்டான் தேசப்பன்.

"வெள்ளிக்கிழமை."

"காத்து அதுக்கு முன்னாடி வந்துட்டா?"

"காற்றுக்குத் தேதி இல்லை, தலைவருக்கு இருக்கிறது. யாரை அனுசரிக்கணும் சொல்லு" என்றார் ஆதிநாராயணன்.

விழா வேலை தொடங்கியது. முதலில் லாரியில் பலகை வந்தது. தலைவர் கனமானவர் என்பதால் கட்டைக்குக் கட்டை ஆணியடித்து, யானை ஏறினாலும் அசையாத மேடை ஒன்றைத் தேசப்பன் வீட்டுக்கு எதிரே போட்டார்கள். ஷாமியானா கட்ட முளை போதவில்லை. தேசப்பன் கூரைக்கு அடித்து வைத்திருந்த முளைகளைப் பிடுங்கி அதற்கு அடித்தார்கள். முளைமேல் வைக்கக் குவித்த கல்லையெல்லாம் எடுத்து, சுண்ணாம்படித்து, தலைவர் நடந்துவரும் பாதைக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தார்கள். கூரைமேல் கிடந்த வலை படத்தில் அசிங்கமாக விழும் என்று போட்டோக்காரர் சொன்னார். அதை இறக்கி, காகிதப் பூச் செருகி, பாதை முகப்பில் வளைவாகக் கட்டினார்கள். இப்படியாகக் கூரையைப் பாதுகாக்க என்னவெல்லாம் வைத்திருந்ததோ அதெல்லாம் கூரைப் பாதுகாப்பு விழாவுக்குப் போயிற்று. கூரை மட்டும் தனியாக நின்றது.

முத்திரை வைத்த கயிறு தேங்காய்நார்க் கயிறு. தலைவர் கைக்கு அது உறுத்தும் என்று ஒரு பட்டு ரிப்பனும் வந்தது.

"ரிப்பன்ல கூரையக் கட்டினா நிக்குமா சார்?" என்று பச்சையப்பன் கேட்டுவைத்தான்.

"முதல் முடிச்சு மட்டும்தானே ரிப்பன். மீதியை உங்கள் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். வாரியம் எல்லாவற்றிலும் தலையிடுவதில்லை" என்றான் பூவராகவன்.

புதன்கிழமை பச்சையப்பனுடைய டிரான்சிஸ்டரில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாகச் சொன்னார்கள். காற்று திரும்பிவிட்டது. ஏரித் தண்ணீர் கரையோரம் புரண்டு புரண்டு படுத்தது. தேசப்பன் பஸ் பிடித்துக் கவரைப்பேட்டைக்குப் போனான்.

வாரியத்தின் ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரைஸ்மில்லின் மாடி. கூரைப் பாதுகாப்பு வாரியம் என்று பெரிய போர்டு. உள்ளே ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளியும் குண்டானும் வைத்திருந்தார்கள். ஆதிநாராயணன் மேசைக்கு மேலே விரித்த குடையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கயிறு நல்லாக் கட்டியிருந்தது.

"சார், இங்க ஒழுவுதே" என்றான் தேசப்பன். சொல்ல வந்தது அதுவல்ல, கண்டதும் வாயில் வந்துவிட்டது.

"இது வாடகைக் கட்டிடம். இதன் கூரைக்கு மில்லுக்காரர்தான் பொறுப்பு. நாங்கள் கடலோரத்துக் கூரைக்கு மட்டும்" என்றார் அவர். "என்ன விஷயம்?"

"காத்து மாறிப் பூச்சு சார். வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்காது. ஊட்ல புள்ளத்தாச்சிப் பொண்ணு கீது. முளையும் வலையும் திருப்பிக் குடுத்தா நானே கட்டிக்கிறேன்."

ஆதிநாராயணன் பேனாவை மூடினார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படாதவர்கள்தான் இந்த மாதிரி நாற்காலிக்கு வந்து சேருகிறார்கள்.

"பயப்படுகிறாய். புரிகிறது. ஒன்று சொல்கிறேன் கேள். இந்த நாலு வருஷத்தில் எங்கள் பாதுகாப்பில் இருந்த ஒரு கூரை, ஒரே ஒரு கூரை, பறந்திருக்கிறதா? கிடையாது. ஏனென்று கேள்."

"ஏன் சார்?"

"பறந்துவிட்டால் அது கூரை இல்லை. கூரை இல்லாத வீடு நிவாரணப் பிரிவுக்குப் போய்விடும். எங்களிடம் இருப்பதெல்லாம் நிற்கிற கூரைகள்தான். நூற்றுக்கு நூறு. எந்த நாட்டிலும் இப்படி இருக்காது."

"எங்கூரை பறந்தா?"

"பறந்த பிறகு நீ இங்கே வரவேண்டாம். வேறு ஆபீஸ் இருக்கிறது. அதுவும் நல்ல ஆபீஸ்தான், ஒழுகாது."

"நானே கட்டிக்கினா இன்னா சார் தப்பு?"

"கட்டிக்கொள். யார் தடுத்தது? ஆனால் முத்திரையை உடைத்தால் தலைவர் வந்து எதைத் தொடங்கி வைப்பார்? ஏற்கனவே கட்டின கூரையில் முடிச்சு போட அவர் என்ன, தெருவில் போகிற வழிப்போக்கரா?"

வழிப்போக்கன் ஒருத்தன்தான் சார் எங்களுக்கு வேணும் என்று தேசப்பனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒரு துளி மேலேயிருந்து அவன் பிடரியில் விழுந்தது. எழுந்து வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சனம் ஷாமியானாவுக்கடியில் உட்கார்ந்திருந்தது. உட்கார வைத்திருந்தார்கள் என்பது சரி. வலையைப் பிடித்துக்கொண்டு தங்கள் கூரைக்குப் போகப் பார்த்தவர்களையெல்லாம் பூவராகவன், "கூட்டம் குறைவா இருந்தா தலைவர் வருத்தப்படுவார்" என்று திருப்பி உட்கார வைத்தான். செல்விக்கு இடுப்பு வலி எடுத்தும் எடுக்காமலும் இருந்தது. உச்சிப்பொழுதுக்கு வானம் ஈயப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. ஷாமியானா உப்பி உப்பி இறங்கியது. அப்போது மோசஸ் ஜீப்பில் வந்து பூவராகவன் காதில் ஏதோ சொன்னான். பூவராகவன் மைக்கைப் பிடித்தான்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. புயல் வருகிற காரணத்தால் புயல் பாதுகாப்பு விழா தள்ளிவைக்கப்படுகிறது. புயல் முடிந்ததும் நடைபெறும். அனைவரும் அமைதியாகக் கலைந்து செல்லவும்."

வாரியம் அன்றைக்குக் காட்டின சுறுசுறுப்பை அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் பார்த்ததில்லை. லாரிக்காரன் ஆட்கள் ஷாமியானாவை அவிழ்த்து, மடித்து, தார்ப்பாயில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கினார்கள். வாடகைச் சாமானுக்கு ஒரு பொட்டு ஈரம் படக்கூடாது. எந்த முளை யாருடையது என்று பார்க்க நேரமில்லை, எல்லாவற்றையும் பிடுங்கி ஏற்றினார்கள். முகப்பு வளைவையும் காகிதப் பூவோடு சுருட்டி ஏற்றினார்கள். மேடையைப் பிரிக்க மட்டும் ஆணி இடங்கொடுக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

தேசப்பன் லாரியின் பின்னால் ஓடினான். லாரி நிற்கவில்லை. திரும்பி ஜீப்புக்கு ஓடிவந்தான்.

"சார், அது எங்க வலை சார்."

"விழா முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"விழா எப்ப சார்?"

"அதான் சொன்னேனே. புயல் முடிஞ்சதும்."

"நீங்களாவது ஒரு முடிச்சு போட்டுட்டுப் போங்க சார். கால்ல உழறேன்."

பூவராகவன் கை கொஞ்சம் நீண்டது. இல்லை என்று சொல்ல முடியாது. மோசஸ், "போட்டுடு சார், அதுல இன்னா" என்றுகூடச் சொன்னான். பூவராகவன் கயிற்று நுனியைப் பார்த்தான், அதில் தன் கையாலேயே அழுத்தின முத்திரையைப் பார்த்தான், கையை மடக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். ஜீப் போயிற்று.

கங்கம்மா இறங்கி வந்தாள். அரக்கைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினாள்.

"நீ வணக்கம் சொன்னது போதும். நல்ல வலைய எடு."

நல்ல வலை என்பது தொழில் வலை. வாங்கின கடன்கூடத் தீராத நைலான் வலை. தேசப்பன் அதைத் தோணியிலிருந்து தூக்கிவந்து கூரைமேல் வீசினான். முளை இல்லை. மூன்று மூலைக்கு வீட்டுக் கம்பத்தையும் வேலிக் கிளுவையையும் பிடித்தான், நாலாவது மூலைக்கு மேடையின் கால் கிடைத்தது. கயிற்றைச் சுற்றிப் பிடித்தவன் முடிச்சு போடாமல் நின்றான். அந்த நேரத்திலும் வழக்கம் கையைப் பிடித்தது.

"அசலூர்க்காரன் ஒர்த்தனும் இல்லியே."

"ஏன் இல்ல? இவ யாரு?" என்று கங்கம்மா மகளைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். "கட்டிக் குடுத்தாச்சு. இவ ஆரணிக்காரி. போடுடி."

செல்வி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பனைப் பார்த்தாள். "நான் அசலூரா நைனா?"

தேசப்பன் கயிற்றை நீட்டினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சு போட்டாள். அதைப் பார்த்த பிறகு பச்சையப்பனும் மற்றவர்களும் தங்கள் தங்கள் கூரைக்கு ஓடினார்கள். ஒரு நாள் முன்னால் ஓடியிருந்தால் பாதிக் கூரையாவது மிஞ்சியிருக்கும்.

காற்று சாயங்காலம் வந்தது. முதலில் கிளுவை வேலி போயிற்று, அதோடு இரண்டு மூலை போயிற்று. பிறகு முகடு வாயைத் திறந்தது. செல்வி போட்ட முடிச்சு அவிழவில்லை, மற்ற மூன்றும் போன பிறகு கயிறே அறுந்தது. கூரை முழுசாக, வலைக்குள் அகப்பட்டது அகப்பட்டபடி, எழும்பி ஏரியைப் பார்த்துப் போனது. நல்ல வலை. ஒரு ஓலையைக்கூடத் தவறவிடவில்லை.

அந்த நேரத்தில்தான் செல்விக்கு வலி நின்று பிடித்தது. மண் சுவர் கரையத் தொடங்கிவிட்டது. தேசப்பனும் பச்சையப்பனும் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மேடைக்கு அடியில் நுழைத்தார்கள். தலைவர் கனத்துக்காகப் போட்ட மேடை, அசையவில்லை. கங்கம்மாவும் பச்சையப்பன் தாயாரும் உள்ளே தவழ்ந்து போனார்கள். ஆம்பிளைகள் சுற்றி வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து, பக்கவாட்டுச் சாரலை முதுகில் வாங்கினார்கள். பெண் குழந்தை. அழுத சத்தம் காற்றில் கேட்கவில்லை, கங்கம்மா கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஆரணியிலிருந்து அஞ்சம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். மேடைக்கு அடியில் குனிந்து மருமகளையும் பேத்தியையும் பார்த்தாள். குழந்தைக்கு மூச்சில் கொறகொறவென்று சளி. நிமிர்ந்து தேசப்பனைப் பார்த்தாள். வாய்க்காரி, வையப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வைதிருந்தால் தேவலை.

"நின்னுச்சா?" என்று கேட்டாள்.

தேசப்பன் தரையைப் பார்த்தான். அவள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். செல்வி வண்டி மறைகிறவரை பின்பக்கம் பார்த்துக்கொண்டே போனாள்.

தேசப்பனும் கங்கம்மாவும் மேடைக்கு அடியிலேயே குடும்பம் நடத்தினார்கள். நிவாரணப் பிரிவில் போய்க் கேட்டதற்கு, "நண்டுமேடு பாதுகாப்பு வாரியத்தின் மாதிரிக் கிராமம். அங்கே கூரை பறக்க வாய்ப்பில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

கார்த்திகையில் தலைவர் வந்தார். தள்ளிப்போன கம்பெனி திறப்புக்கு வந்தவர், சொன்னபடி இங்கேயும் வந்தார். வாரியம் சொன்ன சொல் தவறாது. சுண்ணாம்படித்த கல் வரிசைக்கு நடுவே நடந்துவந்து, மேடையில் ஏறி, தேசப்பன் வீட்டைப் பார்த்தார். மூன்று சுவர், ஒரு நிலைப்படி, மேலே வானம்.

"கூரை எங்கே?" என்று கேட்டார்.

ஆதிநாராயணன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது ஐயா."

"பார்க்கலாமா?"

"போகிற வழியில் தண்ணீர் இருக்கிறது ஐயா."

நாலு வருஷத்தில் வாரியம் சொன்ன ஒரே உண்மை அதுதான். தலைவருக்குத் திருப்தி. இறங்கி வந்து நிலைப்படியில் பட்டு ரிப்பனைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டார். கை தட்டினார்கள். மறுபடி மேடையேறிப் பேசினார். "இனி இந்த வீட்டுக் கூரையை எந்தப் புயலும் தொட முடியாது" என்றார். பேசும்போது காலடியில் பலகை இடுக்கு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. யாரோ பக்தியோடு சாம்பிராணி போட்டிருப்பதாக நினைத்து ஒருமுறை கும்பிடுகூடப் போட்டார்.

கார்கள் போனதும் லாரி வந்தது. இந்தத் தடவை கடப்பாரை கொண்டுவந்திருந்தார்கள். ஒருவன் பலகை இடுக்கில் கடப்பாரையைச் செருகினான். அடியிலிருந்து கங்கம்மாவின் குரல் வந்தது.

"கொஞ்சம் இருங்கப்பா. கஞ்சி கொதிக்குது."

அவன் கடப்பாரையை எடுத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவு தயவைத் தேசப்பன் அந்த இடத்தில் அதுவரை கண்டதில்லை. அவன் வாரியத்து ஆள் இல்லை, லாரிக்காரன் ஆள். பீடி முடிந்தது. கங்கம்மா பானையை இறக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பலகையைக் கழற்றத் தொடங்கினார்கள்.